மறுத்தவனுக்குத் துணை நின்றவர்கள்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. வேலை கிடைக்காத கிராமத்துப் பையன் வயிற்றுக்காகப் பட்டாளத்தில் சேருவது வேறு. போலீஸ்காரன் வந்து கதவைத் தட்டி, "உனக்கு வயது இருபது, சட்டப்படி நீ ஏற்கெனவே சிப்பாய், கிளம்பு" என்று இழுத்துக்கொண்டு போவது வேறு. இந்த இரண்டாவது விஷயம் உலகத்தில் பல நாடுகளில் நடந்திருக்கிறது, இன்றும் நடக்கிறது. "நான் போக மாட்டேன், என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை" என்று மறுத்தவர்களும் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள்.

அப்படி மறுத்தவர்களின் வீரத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. வீரக் கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. மறுத்தவனுக்கு மனு எழுதிக் கொடுத்தது யார்? எந்த ஜெயிலில் அவனைப் போட்டார்கள் என்று தேடியது யார்? அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அரிசி பருப்புக்கு வழி செய்தது யார்? அதைத்தான் சொல்ல வந்தேன். வேலைநிறுத்தம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். ஊர்வலத்தில் முன்னால் போகிறவன் படம் பத்திரிகையில் வரும். கைதான முப்பது பேரின் பெயர், தகப்பனார் பெயர், கேஸ் நம்பர், வாய்தா தேதி எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறவன் படம் வராது. ஆனால் அந்த நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் முப்பது பேரும் தொலைந்தார்கள்.

இந்தக் கதை நன்றாகப் பதிவாகியிருக்கும் இடம் பிரிட்டன். காலம் முதல் உலக யுத்தம். 1914-ல் யுத்தம் தொடங்கியபோது பிரிட்டனில் கட்டாயச் சேவை கிடையாது. சுவரொட்டி, பாண்டு வாத்தியம், பாதிரியார் பிரசங்கம், இவற்றை வைத்தே லட்சக்கணக்கில் ஆள் சேர்த்தார்கள். செத்து விழுந்தவர்களின் கணக்கு ஏற ஏற, தானாக வருகிறவர்கள் போதவில்லை. 1916 ஜனவரியில் ராணுவ சேவைச் சட்டம் நிறைவேறியது. மார்ச் 2-ந் தேதி அமலுக்கு வந்தது. 18 வயதிலிருந்து 41 வயதுக்குட்பட்ட கலியாணமாகாத ஆண்கள் முதலில். மே மாதத்தில் கலியாணமானவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தச் சட்டத்தில் ஒரு சூழ்ச்சி இருந்தது, கவனியுங்கள். "நீ வந்து சேர வேண்டும்" என்று சட்டம் சொல்லவில்லை. "நீ சேர்ந்துவிட்டதாகவே கருதப்படும்" என்று சொல்லிற்று. நெசவாளி தறியில் நிற்கிறான், உழவன் ஏரில் நிற்கிறான். அவனுக்கே தெரியாமல் அவன் சிப்பாய். ஆகவே அவன் போகாமல் இருந்தால் அது மறுப்பு அல்ல, பட்டாளத்தை விட்டு ஓடிய குற்றம். போலீஸ் பிடிக்கும். மாஜிஸ்டிரேட் இரண்டு பவுன் அபராதம் போட்டு ராணுவக் காவலிடம் ஒப்படைப்பார். அங்கே உடுப்பைப் போடு என்பார்கள். மாட்டேன் என்றால் ராணுவக் கோர்ட்டு. அதாவது சாதாரணக் குடிமகனை அவன் ஜூரிகளிடமிருந்தும், சாதாரண நீதிபதியிடமிருந்தும் பறித்து, ராணுவ அதிகாரிகள் கையில் கொடுக்கும் ஏற்பாடு.

விலக்குக் கேட்க வழி இருந்தது. தேச முக்கியத்துவமுள்ள வேலை, குடும்பக் கஷ்டம், உடல் நோய், மனச்சாட்சி, இப்படி நான்கு காரணங்கள். விசாரிக்க ஊர்தோறும் டிரிபியூனல்கள், மொத்தம் சுமார் இரண்டாயிரம். உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? உள்ளூர் பெரிய மனிதர்கள்: நிலக்காரர், கடைக்காரர், ஆலை முதலாளி, ஓய்வு பெற்ற அதிகாரி. இங்கொருவர் அங்கொருவராகத் தொழிற்சங்கத்துக்காரரும் இருந்தார். பக்கத்தில் ராணுவப் பிரதிநிதி வேறு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மனுவையும் எதிர்த்துக் குறுக்கு விசாரணை செய்வார்.

இந்த இடத்தில் விவசாயத் தொழிலாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரிபியூனலுக்கு வந்த மனுக்களில் மனச்சாட்சி மனுக்கள் மிகச் சொற்பம். ஏராளமானவை, "இந்த ஆள் இல்லாவிட்டால் என் பண்ணை நடக்காது, என் பட்டறை நடக்காது" என்று எஜமானர்கள் போட்ட மனுக்கள். விலக்குக் கிடைக்கும், ஆனால் அந்த வேலையில் இருக்கும்வரைதான். குதிரைக்காரன் கூலி போதவில்லை என்று எஜமானனை விட்டு விலகினால் மறுவாரமே பட்டாளம் அவனைத் தேடி வரும். கூலி உயர்வு கேட்க வாய் திறப்பானா? யுத்த களத்தில் பீரங்கி, வீட்டிலே பண்ணையார். இரண்டுக்கும் நடுவில் அவன்.

மனச்சாட்சி என்று வந்தவனிடம் கேட்ட கேள்விகள் ஒரே அச்சில் வார்த்தவை. "ஒரு ஜெர்மானியன் உன் தாயைத் தாக்க வந்தால் என்ன செய்வாய்?" இந்தக் கேள்வியைக் கேட்காத டிரிபியூனல் அபூர்வம். படித்தவன் ஏதாவது பதில் சொல்லுவான். பத்து வயதிலேயோ பன்னிரண்டு வயதிலேயோ வேலைக்குப் போன ஆலைத் தொழிலாளி, சபையைப் பார்த்து வெலவெலத்துப் போய் நிற்பான். அவ்வளவுதான், "வேஷக்காரன், தள்ளுபடி." பதினெட்டு வயதுப் பையனைப் பார்த்து, "மனச்சாட்சி இருக்கிற வயதா இது உனக்கு?" என்று கேட்டார்கள். சுடுவதற்கு வயது சரி, யோசிப்பதற்கு வயது போதாது! சோஷலிஸ்டு என்று சொன்னவன் பாடு இன்னும் மோசம். "ஜெர்மனியிலே இருக்கிற தொழிலாளியும் என் சகோதரன், முதலாளிகள் சந்தைக்காகச் செய்யும் யுத்தத்தில் அவனை நான் கொல்ல மாட்டேன்" என்றால், அது அரசியல், மதம் அல்ல, ஆகவே மனச்சாட்சி அல்ல என்று பல இடங்களில் தள்ளினார்கள். சட்டத்தில் மனச்சாட்சி பற்றிய பிரிவில் மதம் என்ற சொல்லே இல்லை. இருந்தும் அப்படித்தான் நடந்தது.

இதையெல்லாம் முன்கூட்டியே எதிர்பார்த்தவர்கள் சிலர் இருந்தார்கள். 1914 நவம்பரில், கட்டாயச் சட்டம் இன்னும் வராதபோது, 'லேபர் லீடர்' என்ற தொழிலாளர் பத்திரிகையில் லில்லா பிராக்வே என்ற பெண்மணி ஒரு கடிதம் எழுதினார். மறுக்க எண்ணுகிறவர்கள் பெயர் கொடுங்கள், ஒன்றுசேருவோம் என்பது கடிதத்தின் சாரம். பத்திரிகையின் ஆசிரியர் அவர் கணவர் பென்னர் பிராக்வே. கல்கத்தாவில் 1888-ல் பிறந்தவர். பிற்காலத்தில் இந்திய விடுதலைக்காகவும் காலனி நாடுகளின் விடுதலைக்காகவும் பார்லிமெண்டிலும் வெளியிலும் குரல் கொடுத்த அதே பிராக்வேதான். இப்படிப் பிறந்தது கட்டாய ராணுவ சேவை எதிர்ப்புச் சங்கம். தலைவர் கிளிபோர்டு ஆலன், செயலாளர் பிராக்வே. சுயேச்சைத் தொழிற்கட்சித் தோழர்கள், எந்த யுத்தத்தையும் ஏற்காத குவேக்கர் சமயத்தார், மெதடிஸ்டுகள், நாஸ்திகர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே.

1916 ஏப்ரலில் லண்டனில் குவேக்கர்களின் கட்டடத்தில் சங்கத்தின் மாநாடு. சுமார் இரண்டாயிரம் பிரதிநிதிகள். வெளியே ஒரு கும்பல் உள்ளே புகுந்து அடிக்கத் தயாராக நிற்கிறது. கைதட்டல் ஓசை கேட்டால் கும்பல் இன்னும் வெறிகொள்ளும் என்று, பேச்சுப் பிடித்தபோதெல்லாம் இரண்டாயிரம் பேரும் சத்தமில்லாமல் கைக்குட்டையை ஆட்டினார்கள். கைதட்டக்கூட முடியாத மாநாடு!

சரி, இந்தச் சங்கம் செய்த வேலை என்ன? இங்கேதான் காதரின் மார்ஷல் என்ற அம்மையாரைச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய இயக்கத்தில் பார்லிமெண்ட் வேலையைக் கவனித்துப் பழகியவர். ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக ஜெயிலுக்குப் போகப்போகிறார்கள் என்று தெரிந்து, சங்கத்தின் அன்றாட வேலை பெண்கள் கைக்கு வந்தது. மறுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு போடப்பட்டது. பெயர், விலாசம், என்ன காரணத்தால் மறுக்கிறார், டிரிபியூனல் என்ன தீர்ப்பு சொன்னது, கைதான தேதி, எந்த ரெஜிமெண்டுக்கு அனுப்பினார்கள், ராணுவக் கோர்ட்டு எப்போது, எத்தனை நாள் தண்டனை, எந்த ஜெயில், உடல்நிலை எப்படி. எல்லாம் அந்தக் கார்டில். போலீஸ் சோதனை போட்டு அள்ளிக்கொண்டு போகும் என்று தெரியும். ஆகவே நகல்கள் வேறு இடத்தில் பத்திரமாக வைக்கப்பட்டன. கிளைத் தோழர்கள் டிரிபியூனலிலும் ராணுவக் கோர்ட்டிலும் போய் உட்கார்ந்து நடந்ததை எழுதி அனுப்புவார்கள். பாரக்குகளுக்கு ஆள் போகும். சேதி தலைமை நிலையத்துக்கு வந்ததும், பார்லிமெண்டில் நியாயம் பேசக்கூடிய சில அங்கத்தினர்களிடம் போகும். பிலிப் ஸ்னோடன் என்பவர் அவர்களில் முக்கியமானவர். நெசவாளியின் மகன், பிளாக்பர்ன் என்ற பருத்தி ஆலை நகரத்தின் பிரதிநிதி. மறுநாளே எழுந்து மந்திரியைக் கேட்பார்: "இன்ன ஊர் இன்னாரை இன்ன பாரக்கில் உடுப்பு போடச் சொல்லி அடித்தது உண்மையா?"

யுத்த மந்திரி காரியாலயத்துக்கே தன் கைதி எங்கே இருக்கிறான் என்று தெரியாத சமயங்களில் இந்தப் பெண்களிடம் விவரம் இருந்தது.

ஆலோசனை சொல்வதில் அவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். வருகிறவனைப் பார்த்து, "நீ மறுத்தே ஆக வேண்டும்" என்று உசுப்பிவிடக் கூடாது. "நீ உடுப்பு போட்டுக்கொண்டு ஆயுதம் தூக்காத பிரிவுக்குப் போகலாம், அதில் இன்ன வேலை. மாற்று வேலை கேட்கலாம், அதில் இன்ன நிபந்தனை. முழுக்க மறுக்கலாம், அதற்கு இன்ன தண்டனை. உன் குடும்பத்துக்கு எங்களால் இவ்வளவுதான் முடியும்." இப்படி எல்லாவற்றையும் விரித்து வைத்துவிட்டு, தீர்மானத்தை அவனிடமே விட வேண்டும். ஜெயிலில் கிடக்கப்போகிறவன் அவன்தானே? இன்னொருவர் தைரியத்தைக் கடன் வாங்கி உள்ளே போனவன் மூன்றாம் நாள் உடைந்துவிடுவான்.

இந்தக் கார்டுகளின் அருமை 1916 மே மாதத்தில் தெரிந்தது. ராணுவ அதிகாரிகள் ஒரு யோசனை செய்தார்கள். இங்கிலாந்து மண்ணில் கட்டளையை மீறினால் சிறைத்தண்டனைதான். பிரான்ஸ் யுத்த களத்தில் மீறினால் மரண தண்டனை. ஆகவே மறுப்பவர்களைப் பிரான்சுக்கு ஏற்றிவிட்டால் போகிறது! ஹார்விச் கோட்டையிலிருந்து ஒரு கூட்டம், யார்க்ஷயரிலுள்ள ரிச்மண்டு கோட்டையிலிருந்து பதினாறு பேர், இன்னும் சில இடங்களிலிருந்து சிலர். ரிச்மண்டுப் பதினாறு பேரில் ஒரு பள்ளி ஆசிரியர், இரும்புக்கல் சுரங்கத் தொழிலாளி, சாக்லேட் ஆலை குமாஸ்தா, கால்பந்து ஆட்டக்காரர் எல்லாம் உண்டு. வீட்டுக்குத் தகவல் கிடையாது.

ஹார்விச் கூட்டத்தை ஏற்றிய ரயில் லண்டன் பக்கமாகப் போகும்போது, ஒருவர் ஜன்னல் வழியாக ஒரு சீட்டை வீசினார். யாரோ முகம் தெரியாத ஒருவர் அதை எடுத்துச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தார். பிரான்சிலிருந்து ஒரு தபால் கார்டும் வந்தது. அது சிப்பாய்களுக்குக் கொடுக்கும் அச்சடித்த கார்டு. "நான் நலம்", "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்", "தளத்துக்கு அனுப்பப்படுகிறேன்" என்றெல்லாம் வரிகள் இருக்கும்; வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம், ஒரு சொல்கூட எழுதக் கூடாது. நம் ஆள் என்ன செய்தார்? வரிகளை மட்டுமல்லாமல் எழுத்துக்களையும் பார்த்துப் பார்த்து அடித்தார். மிச்சம் நின்ற எழுத்துக்களைக் கூட்டிப் படித்தால், "பூலோனுக்கு அனுப்பப்படுகிறேன்" என்று வந்தது! தணிக்கை அதிகாரி கண்ணில் அது படவில்லை. படிக்க வேண்டியவர்கள் கண்ணில் பட்டது.

அப்புறம் காரியாலயம் தூங்கவில்லை. பெயர்ப் பட்டியல் பார்லிமெண்டுக்குப் போயிற்று. பிரதமர் ஆஸ்குவித்திடம் தூது போயிற்று. மதத் தலைவர்கள் வாய் திறந்தார்கள். அங்கே பிரான்சிலோ, மறுத்தவர்களைத் தினம் இரண்டு மணி நேரம் வேலியிலும் கம்பத்திலும் கை விரித்துக் கட்டி வைத்தார்கள். ஜூன் 15-ந் தேதி பூலோனில் சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்தி, ஹவார்டு மார்ட்டென் என்ற வங்கிக் குமாஸ்தாவை முன்னால் அழைத்துத் தீர்ப்பு வாசித்தார்கள். சுட்டுக் கொல்லும்படி தண்டனை. ஒரு நிறுத்தம். தளபதி ஹெய்க் அதை உறுதி செய்தார். இன்னொரு நிறுத்தம். பத்து வருஷக் கடுங்காவலாகக் குறைக்கப்படுகிறது. இப்படியே அடுத்தடுத்த நாட்களில், மொத்தம் முப்பத்தைந்து பேர்.

தண்டனை குறைந்ததற்கு எது காரணம் என்று சரித்திர ஆசிரியர்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். எனக்குத் தோன்றுவது இது: பெயர் தெரியாதவனைச் சுடுவது சுலபம். இந்த முப்பத்தைந்து பேரின் பெயரும் லண்டனில் கார்டில் இருந்தது. அந்தப் பெயர்கள் பார்லிமெண்டில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

உயிர் தப்பியது, துன்பம் தப்பவில்லை. யுத்தம் முடியும்வரை சுமார் ஆறாயிரம் பேர் ராணுவக் கோர்ட்டுக்குப் போனார்கள். மறுத்தவர்கள் மொத்தம் பதினாறாயிரத்திலிருந்து இருபதாயிரம்வரை என்று கணக்கிடுகிறார்கள். வழக்கமான தண்டனை 112 நாள் கடுங்காவல். முதல் இரண்டு வாரம் மெத்தையில்லாத பலகை. பேசக் கூடாது. தபால் பை தைக்க வேண்டும். 112 நாள் முடிந்து வாசலுக்கு வந்தால் ராணுவக் காவல் காத்திருக்கும். பாரக்குக்குக் கொண்டுபோய் மறுபடி உடுப்பைக் காட்டுவார்கள். மாட்டேன் என்றதும் மறுபடி கோர்ட்டு, மறுபடி தண்டனை. ஒரே குற்றத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து முறை. பூனை எலியை விட்டு விட்டுப் பிடிக்கும் விளையாட்டு.

இந்தச் சங்கிலியை அறுப்பதற்கென்று சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜெயிலுக்குப் பதில் வேலை முகாம். ஸ்காட்லாந்தில் டைஸ் என்ற இடத்தில் கருங்கல் உடைக்கும் முகாம் 1916 ஆகஸ்டில் திறந்தார்கள். சுமார் இருநூற்றைம்பது பேர், ஜெயிலில் மெலிந்து வந்தவர்கள், ஒழுகும் கூடாரத்தில். செப்டம்பரில் வால்டர் ராபர்ட்ஸ் என்ற இருபது வயதுப் பையன் நிமோனியாவில் செத்துப்போனான். தாய்க்குக் கடிதம் எழுதக் கையில் வலுவில்லாமல் பக்கத்திலிருந்தவர் எழுதினார். சேதி வெளியே வந்தது. அக்டோபரில் முகாமை மூடினார்கள்.

இங்கே சங்கத்துக்குள் ஒரு பெரிய சச்சரவு எழுந்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. முழுக்க மறுத்த சுமார் ஆயிரத்து முந்நூறு பேருக்குமேல் ஒரு பக்கம். மாற்று வேலையை ஏற்றவர்கள் மறுபக்கம். ஏற்றவனைக் கோழை என்று சிலர் பேசினார்கள். இன்னொரு விவாதம் அதைவிடக் கடினமானது. காதரின் மார்ஷல் மந்திரிகளைப் பார்த்து ஜெயில் நிலைமையைச் சீராக்கப் பாடுபடுகிறார். உள்ளேயிருந்த தலைவர்களில் சிலர், ஆலனும்கூட, "எங்களுக்குச் சலுகை கேட்காதீர்கள். நாங்கள் படும் கஷ்டம்தான் எங்கள் ஆயுதம். அதை மழுங்கடிக்காதீர்கள்" என்றார்கள். இதற்கு என்ன பதில்? தலைவன் தன் விஷயத்தில் அப்படிச் சொல்லலாம், அது அவன் உரிமை. ஆனால் பத்தாம் வார்டில் காசநோயோடு இருமிக்கொண்டிருக்கும் சுரங்கத் தொழிலாளி அப்படிச் சொன்னானா? அவனைக் கேட்டீர்களா? என் கட்சி மார்ஷல் கட்சி. வேலை செய்து செய்து 1917 கடைசியில் அந்த அம்மையாரின் உடம்பே உடைந்துபோயிற்று. ஆலனும் நோயாளியாகி அந்த டிசம்பரில் விடுதலையானார். சிறையிலும் முகாமிலும், அவற்றின் விளைவாகவும் மாண்டவர்கள் எழுபது பேருக்கு மேல்.

குடும்பங்களின் கதி? சிப்பாயின் மனைவிக்குப் படி உண்டு. மறுத்தவன் மனைவிக்கு ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்தார் ஏச்சு உண்டு. சங்கம் தனியாக ஒரு நிதி வைத்து உதவியது. குவேக்கர் பணக்காரர்கள் கொடுத்தார்கள், தொழிலாளிகள் பென்னி பென்னியாகக் கொடுத்தார்கள். போதவில்லை, ஆனாலும் நிற்கவில்லை. லங்காஷயர் ஆலைகளின் துணி வந்து நம் கைத்தறியை நசுக்கிய கதை உங்களுக்குத் தெரியும். அதே லங்காஷயரில் நெல்சன் என்ற நெசவு நகரம் மறுப்பவர்களுக்குப் பேர்போனது. 1917 ஆகஸ்டில் அங்கே ஆலைப் பெண்கள் சமாதானம் கேட்டு ஊர்வலம் போனார்கள். செலினா கூப்பர் என்ற முன்னாள் ஆலைத் தொழிலாளிப் பெண் முன்னணியில். மண்ணையும் கல்லையும் எறிந்து கூச்சலிட்ட பெருங்கூட்டத்துக்கு நடுவே, ஊர்வலம் கலையாமல் மைதானம் போய்ச் சேர்ந்தது.

சர்க்கார் சும்மா இருக்குமா? சட்டத்தை ரத்துச் செய் என்று துண்டுப் பிரசுரம் போட்டதற்காகச் சங்கத்தின் கமிட்டிக்கு 1916 மே மாதம் தலைக்கு 100 பவுன் அபராதம். சிலர் கட்ட மறுத்து உள்ளே போனார்கள். அந்தக் கேசில் சர்க்கார் வக்கீல் பாட்கின், எல்லோரும் யுத்தம் தவறு என்று எண்ண ஆரம்பித்தால் யுத்தமே நடக்காதே என்று வாதாடினார். சங்கத்துக்காரர்கள் அந்த வாசகத்தையே, பாட்கின் பெயரோடு, சுவரொட்டியாக அடித்தார்கள். அதை ஒட்டியதற்கும் கேஸ்! அப்படியானால் அதைச் சொன்ன பாட்கினையல்லவா பிடிக்க வேண்டும் என்று ஊர் சிரித்தது. தத்துவப் பேராசிரியர் பெர்ட்ரண்டு ரஸ்ஸல், எவரெட் என்ற ஆசிரியரின் தண்டனையைப் பற்றிய பிரசுரத்தை எழுதியது நான்தான் என்று தானே முன்வந்து 100 பவுன் அபராதம் பெற்றார், வேலையும் போயிற்று.

'டிரிபியூனல்' என்று சங்கத்துக்கு ஒரு வாரப் பத்திரிகை. 1918-ல் போலீஸ் அச்சகத்துக்குள் புகுந்து இயந்திரத்தை உடைத்தது. வேறு அச்சகம் பிடித்தார்கள், அதையும் உடைத்தது. பிறகு ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை ரகசிய இடத்தில் வைத்து அடித்தார்கள். பத்திரிகை நிற்கவில்லை. சங்கத்தின் செய்தி மடலை அடித்தவர் யார் என்று சொல்ல மறுத்து வயலட் டில்லார்டு என்ற பெண்மணி 61 நாள் சிறை சென்றார். யுத்தத்துக்குப் பின் ரஷ்யாவின் பஞ்சப் பிரதேசத்துக்கு நிவாரண வேலைக்குப் போன அவர், 1922-ல் புஸுலுக் என்ற ஊரில் விஷக்காய்ச்சல் கண்டு இறந்தார். பத்திரிகையை நடத்திய ஜோன் பீச்சாம் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது உங்களில் சிலர் மனதில் ஓடும் கேள்விக்கு வருகிறேன். "எந்த யுத்தமும் கூடாது என்பவர்கள் இவர்கள். அநியாய யுத்தத்தை எதிர்ப்போம், அடிமைத்தனத்தை எதிர்த்து ஆயுதமெடுப்பது வேறு என்பவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?"

ஆர்தர் ஹார்னர் என்ற வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியைப் பாருங்கள். பிரிட்டிஷ் பட்டாளத்துக்குப் போக மறுத்தார். அதே ஆள் அயர்லாந்துக்குப் போய், விடுதலைக்காக நின்ற ஐரிஷ் குடிமக்கள் சேனையில் சேர்ந்தார்! அந்த அயர்லாந்தில்தான், கட்டாயச் சேவையை அங்கும் நீட்டப் பார்த்தபோது, 1918 ஏப்ரல் 23-ந் தேதி தொழிலாளிகள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசிவரை அங்கே சட்டம் அமலாகவில்லை. திரும்பி வந்த ஹார்னரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகும் விடவில்லை. அப்போது மெய்ர்டி சுரங்கத் தொழிலாளிகள் அவரைத் தங்கள் எடை பார்ப்பவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கூலி, வெட்டிய நிலக்கரியின் எடைக்கு. முதலாளி எடையில் ஏமாற்றாமல் பார்க்கத் தொழிலாளிகள் தங்கள் காசில் வைக்கும் ஆள் அது. நம்பிக்கைக்குரியவனைத்தான் வைப்பார்கள். சிறையிலிருப்பவனை வைத்தார்கள்! உண்ணாவிரதமிருந்து 1919-ல் வெளியே வந்த ஹார்னர், 1946-ல் பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். குவேக்கரும் ஹார்னரும் யுத்தத்தைப் பற்றி ஒரே கருத்துடையவர்கள் அல்ல. ஆனால் இருவரையும் பிடித்த சட்டம் ஒன்று, ஜெயில் ஒன்று. வக்கீலும் கார்டும் மட்டும் வெவ்வேறாக இருக்க வேண்டுமா?

மறுத்தவர்களில் கடைசி ஆட்கள் 1919 நடுவில்தான் விடுதலையானார்கள். ஐந்து வருஷம் ஓட்டுரிமை பறிக்கப்பட்டது. ஆனால் பட்ட பாடு வீண்போகவில்லை. 1939-ல் இரண்டாம் யுத்தம் வந்து கட்டாயச் சட்டமும் வந்தபோது, டிரிபியூனலுக்கு நீதிபதி தலைமை தாங்கினார்; ராணுவப் பிரதிநிதி வெளியே போனார்; பூனை எலி விளையாட்டை நிறுத்த மேல்முறையீட்டு வழி செய்யப்பட்டது. மறுப்பாளர்களுக்கான மத்திய போர்டு ஒன்று அமைந்தது, தலைவர் யார்? பழைய பிராக்வே! இளைஞர்களை உட்காரவைத்துப் பொய் டிரிபியூனல் நடத்திப் பழக்கினார்கள். "உன் தாயைத் தாக்கினால்?" என்று இவர்களே கேட்டு, வெலவெலப்பைப் போக்கினார்கள். சுமார் அறுபதாயிரம் ஆண்களும் ஆயிரம் பெண்களும் அந்த முறை மறுத்தார்கள். ஜெயிலுக்குப் போனவர்களின் விகிதம் முன்னைவிட வெகு குறைவு. அதற்காக எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். பல நகரசபைகள் மறுத்தவர்களை வேலையிலிருந்து டிஸ்மிஸ் செய்தன.

அமெரிக்காவில் 1948-ல் பிலடெல்பியாவில் இதேபோன்ற மத்திய கமிட்டி தோன்றியது. வியத்நாம் யுத்தத்தின்போது ஊர் ஊராக ஆலோசனை நிலையங்கள் முளைத்தன. அங்கே விஷயமெல்லாம் தவணையில் இருந்தது. போர்டு உத்தரவு வந்த 10 நாளுக்குள், பின்னாளில் 30 நாளுக்குள், அப்பீல் போடாவிட்டால் கதவு மூடிவிடும். கல்லூரி மாணவனுக்குத் தள்ளிப்போட வழியும் தெரியும், ஆலோசகரும் பக்கத்தில். கறுப்பர் சேரியிலும் ஆலைப் பேட்டையிலும் இருந்தவனுக்கு அப்படி ஒரு மனு இருப்பதே தெரியாது. யுத்தத்துக்குப் போனவர்கள் யார் என்று கேட்பானேன்? குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி 1967-ல் மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, ஐந்து வருஷத் தண்டனை. 1971 ஜூன் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை ரத்துச் செய்தது. எதனால்? அவர் மனுவை ஏன் தள்ளினோம் என்று அப்பீல் போர்டு காரணம் சொல்லவில்லை என்பதால்! காகிதத்தை வரி வரியாகப் படித்ததில் கிடைத்த பிடி அது.

தென் கொரியாவில் 1950-க்குப் பின் பத்தொன்பதாயிரம் பேருக்கு மேல் மறுத்து ஜெயிலுக்குப் போனார்கள். பல கேஸ்களில் தோற்றும், ஐ.நா. மனித உரிமைக் கமிட்டிவரை போய், விடாமல் வழக்காடி, 2018 ஜூன் 28-ந் தேதிதான் அரசியல் சட்ட நீதிமன்றம் மாற்றுச் சேவை வேண்டும் என்றது. 2020-ல் ஆரம்பித்த அந்தச் சேவை சிறைச்சாலையிலே தங்கி 36 மாதம். சாதாரணச் சிப்பாயின் காலத்தைப்போல இரட்டிப்பு.

ஜோன் பீச்சாம் விஷயம் பாக்கி. யுத்தத்தில் மறுத்துச் சிறையிருந்தவர்களில் ஒருவர் லங்காஷயர் பிரஸ்டன் ஊரில் பிறந்த ஹாரி தாம்ஸன் என்ற இளம் வக்கீல். வெளியே வந்து பீச்சாமை மணந்தார். 1921-ல் தனியாகக் காரியாலயம் திறந்தார். லண்டனில் பாப்ளர் நகரசபைத் தொழிலாளர் அங்கத்தினர்கள், ஏழைகள்மேல் வரிச் சுமையை ஏற்ற மறுத்துச் சிறை புகுந்தபோது அவர்கள் பக்கம் நின்ற வக்கீல் அவர்தான். பிறகு வாழ்நாள் முழுதும் இயந்திரத்தில் கை போனவன், சுரங்கத்தில் கால் போனவன், நெஞ்சில் தூசி அடைத்தவன், இவர்களின் நஷ்டஈட்டுக் கேஸ்கள்தான்; முதலாளி பக்கம் ஒரு கேசும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். 1934-ல் பிரிட்டனின் சிவில் உரிமைக் கவுன்சில் அமைந்தபோது அதிலும் முன்னின்றார். 1947-ல் இறந்தார். அவர் தொடங்கிய காரியாலயம் தொழிற்சங்கங்களின் கேஸ்களைத் தொடர்ந்து நடத்தி வந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நேரம் இருக்கிறது, கேள்விகளைக் கேளுங்கள் தோழர்களே.